மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்கள்

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையை மூடப் போகிறார்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்திலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களும் நெல் வயல்களும் சந்திக்கிற ஒரு சின்னப் பட்டணத்தில் இருக்கிறது அது. இரண்டு மாடிக் கடைவீடு. கீழே கவுண்டர், மேலே பழைய காகிதங்கள். இனிமேல் அங்குள்ளவர்கள் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் அந்தக் கட்டடம் ஒழுகும்.

மூடுவதற்கு முன் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அங்கே இப்போது மேலாளராக இருக்கும் கவிதா ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். போனில் கூப்பிட்டார். "சார், நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தரணும் லா. மாட்டுக்கு லோன் குடுத்தது, தோட்டம் தோட்டமா மோட்டார்ல போயி கணக்குத் தொறந்தது, அந்த மாதிரி நல்ல கதையா நாலு போதும்."

நல்ல கதைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். மாட்டுக்குக் கடன் கொடுத்தோம், உண்மைதான். மாடு பால் கறந்தது, கடன் அடைந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எழுதப்போவது கவிதா கேட்காத ஒன்று. அந்த ஊரில் என் வேலையில் பாதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. செலவு மட்டும் உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது தீவில், ஜார்ஜ்டவுனில். அப்பா குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது அவர் இறந்துபோக, என் அக்கா சரோஜா படிப்பை நிறுத்திவிட்டு ஃபேக்டரிக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் பள்ளியை முடித்தேன். வங்கியில் எடுத்தார்கள். கோலாலம்பூரில் சில வாரங்கள் பயிற்சி. கையெழுத்தை எப்படி ஒப்பிடுவது, கள்ள நோட்டை எப்படித் தடவிப் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் எவ்வளவு சிரிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து, ஃபெர்ரி ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் எப்படியோ மாற்றல் வாங்கித் தீவுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கிளையிலேயே இருந்தேன். இதைத் தியாகம் என்று யாரும் மலரில் போட்டுவிட வேண்டாம். அந்த ஊர்ச் சனங்களை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே வங்கிக்குள் வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினால், அவர் முகத்தில் ஒரு திகைப்பு வரும். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் ஃபெர்ரி ஏறலாம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். மற்ற விஷயத்துக்கு எங்களிடம் வருவார்கள். கணக்கில் ஐந்து வெள்ளி கட்டுகிற சாக்கில் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்துவார்கள்.

"தம்பி, அந்த லாரிக்காரர் மகனுக்கு நம்ம பொண்ணக் கேக்குறாங்க. ஆளு எப்படி?"

"நல்ல மனுஷர்தானே, அண்ணே."

"அது ஊருக்கே தெரியும் லா. உள்ள எப்படி?"

உள்ளே என்றால் வங்கிக்கு உள்ளே. இன்னொருவர் கணக்கைப் பற்றி வாயைத் திறந்தால் எங்களுக்கு வேலை போகும், வழக்கும் வரும். அது அவர்களுக்கும் தெரியும். அதனால் எங்கள் வாயை விட்டுவிட்டு முகத்தைப் படிப்பார்கள். பெயரைச் சொன்னதும் நான் பேனாவைக் கீழே வைத்தேனா? அந்த லாரிக்காரர் வந்தால் எழுந்து நிற்கிறேனா? அவர் மேலாளர் அறைக்குள் போய்விட்டு வெளியே வரும்போது சட்டை நனைந்திருந்ததா? எல்லாம் கணக்கில் சேரும். சாயங்காலத்துக்குள் சாப்பாட்டுக் கடையில் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள்.

எங்கள் மேலாளர் லிம், பினாங்கு ஹொக்கியன் சீனர். மெலிந்த மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. அவர் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னால்தான் அந்த ஊர் உங்களுக்குப் பிடிபடும். ஒருநாள் நல்ல மழை. கடன் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்ச வந்திருந்தார் ஒரு வயதானவர். வாசல் படி வழுக்குமே என்று லிம் அவர் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டார். மறுநாளே அந்தக் கிழவர் பெரும் பணக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. மேனேஜரே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாரென்றால் சும்மாவா? ஒரே வாரத்தில் அவருடைய மகனுக்கு மூன்று இடத்திலிருந்து பெண் கொடுக்க வந்துவிட்டார்கள். கிழவர் லிம்மிடம் வந்து, "உங்க புண்ணியம் துவான்" என்று, ஐயா என்பதை மலாயில் சொல்லி, கும்பிட்டார்.

லிம்முக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் கதவு வரைக்கும் கூட நடந்தார். லட்சக்கணக்கில் வைத்திருக்கிற ரப்பர் முதலாளி தௌக்கே வந்தாலும் சரி, சில்லறை மாற்ற வந்த பாட்டி வந்தாலும் சரி. வேலை கெட்டது, முழங்கால் வலித்தது. விடவில்லை. எங்களையும் அப்படியே நடக்க வைத்தார். "ஓராங் பேங்க் தாக் அடா மூக்கா, மணியம்" என்பார். பேங்க் வேலைக்காரனுக்கு முகம் கிடையாது என்று அர்த்தம். எல்லாருக்கும் ஒரே மாதிரி சிரி, ஒரே மாதிரி நட, யாரிடமும் ஒரு கோப்பி வாங்கிக் குடிக்காதே.

விசாரிக்க வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தோம். நான்தான் தமிழில் அமைத்துக் கொடுத்தேன். லிம் அதை மனப்பாடம் செய்து, தன் ஹொக்கியன் ராகத்தில் சொல்வார். "தெரிஞ்சாலும் சொல்ல முடியாது, தெரியலைன்னாலும் சொல்ல முடியாது." தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்ப விசாரிக்க வருவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவரும் என்னைப் போல் ஜார்ஜ்டவுனில் குடியிருந்தார். காலையில் ஒரே ஃபெர்ரியில் போவோம், சாயங்காலம் ஒரே ஃபெர்ரியில் திரும்புவோம். கடலில் வங்கிப் பேச்சு எடுக்கக்கூடாது. ஏறி உட்கார்ந்ததும் செய்தித்தாளை விரித்துவிடுவார். நான் ஏதாவது ஆரம்பித்தால், "ஆபீஸ்" என்று ஒரு சொல். அதோடு சரி. சில நாள் இறங்கி நடந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோறு சாப்பிடுவோம். அவர் தட்டுக்கு அவர் காசு, என் தட்டுக்கு என் காசு.

கடன் நிலுவையில் இருப்பவர் வீட்டுக்குப் போவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளை அந்த வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாது. கோயில் பக்கம் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் அந்த வரிசையில் இன்னும் மூன்று நான்கு வீட்டுக்கும் போய், சேமிப்புக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வர வேண்டும். எந்த வீட்டுக்காக நான் வந்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. இப்படி நடந்ததில் என் செருப்புகள் தேய்ந்தன. ஆனால் சும்மா பேசப் போன வீடுகளிலிருந்துதான் எங்களுக்குப் புதிய கணக்குகள் நிறைய வந்தன. லிம் அதற்காகவும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் என்கிறவரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அக்கா கல்யாணமாகி அக்கரையில், பாகான் டாலாமில் குடியிருந்தாள். அத்தான் துறைமுகத்தில் வேலை செய்து, நாற்பதைத் தாண்டியதும் இறந்துபோனார். ஒரே மகள், மலர்விழி. தனியார் மருத்துவமனையில் தாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். நண்டு வாங்கிச் சமைத்திருந்தாள். நண்டு என்றால் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"மலருக்கு ஒரு இடம் வந்திருக்கு மணி. பையன் பேரு பிரபா. பிறைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன். அப்பா ரத்தினம், பஸ் ஓட்டுறாரு, சொந்த பஸ்ஸு. உங்க ஊருதான்."

எனக்குக் கை நின்றுவிட்டது. நண்டு ஓட்டைக் கடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ரத்தினத்தின் கோப்பு என் மேசையில் இருந்தது. ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்க இரண்டு பஸ் வாங்கினார். வீட்டை அடமானம் வைத்துக் கடன் எடுத்தார். ஃபேக்டரிக்காரர்கள் ஒப்பந்தத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தவணை ஒழுங்காக வரவில்லை. வீடு லேலோங்குக்குப் போகிற கட்டம், அதாவது நீதிமன்றம் மூலம் ஏலம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தது பிரபா. வீடு போனாலும் பாக்கி அவன் தலையில்தான் விழும். கட்ட முடியாவிட்டால் அவனைத் திவால் ஆக்குவார்கள். இதெல்லாம் என் கையெழுத்திலேயே அந்தக் கோப்பில் இருந்தது.

"நீதான் தாய்மாமன். மலருக்கு அப்பா இல்ல. விசாரிக்க வேண்டியவன் நீதான். அவங்க கணக்கு உங்க பேங்குலதானாமே. எப்படி?"

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். தெரிந்தாலும் சொல்ல முடியாது, தெரியாவிட்டாலும் சொல்ல முடியாது.

அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள். "இது ஊர்க்காரங்களுக்குச் சொல்றது. எனக்கு?"

"உனக்கும் அதான்க்கா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, இன்னொரு நண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அவள் எதற்குச் சிரித்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சில நாளில் புரிந்தது. பாகான் டாலாம் முழுக்க அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் தம்பி அந்த பேங்குலதான் இருக்கான். ஒண்ணும் சொல்லல. கெட்டது ஏதாச்சும் இருந்தா தாய்மாமன் சும்மா இருப்பானா?"

மற்றவர்கள் என் மௌனத்தைப் படித்தால் எப்போதும் குற்றம்தான் கண்டுபிடிப்பார்கள். என் அக்கா படித்து, நற்சான்று கண்டுபிடித்தாள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் பெயரில் ஒரு பொய் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பி நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். மலரின் அப்பா இடத்தில் நின்று தட்டு மாற்ற வேண்டியவன் நான்.

ஃபெர்ரியில் லிம்மிடம் ஆரம்பித்தேன். "ஆபீஸ்" என்றார். அலுவலகம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் குடும்பத்தோடு எனக்குச் சம்பந்தம் ஏற்படப் போகிறது என்று மட்டும் சொன்னேன். அப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உறவைத் தெரிவித்து எழுதிக் கொடுக்க வேண்டும், கோப்பு கை மாற வேண்டும். எழுதிக் கொடுத்தேன். கோப்பை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"மிஸ்டர் லிம், என் அக்கா என் மௌனத்தை வைத்து முடிவெடுத்துவிட்டாள். என்னிடம் கேட்டதாக நினைக்காதே என்றாவது சொல்லலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னால் என்ன அர்த்தம்?"

"ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்."

"அப்போது நீ சொல்லிவிட்டாய் என்று அர்த்தம்."

என்னைக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். தன் துணை அதிகாரியையும் அப்படி விட வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த வாரமே அவர் பிரபாவைக் கூப்பிட்டார். நிலுவைக்காரரோடு பேசும்போது லிம் உட்காருகிற முறையே தனி. வாடிக்கையாளரின் நாற்காலி கண்ணாடிச் சுவருக்கு முதுகு காட்டியிருக்கும். கூடத்தில் இருப்பவர்களுக்கு முகம் தெரியாது. மேசையில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர். முதலில் உடம்பு எப்படி என்று கேட்பார், பிறகு வேலை, அதற்குப் பிறகுதான் கடன். கடைசியாக ஒரு கேள்வி. எந்தக் கையேட்டிலும் இல்லாத கேள்வி அது. "வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?" ஏலத்துக்கான அறிவிப்பை வீட்டுக் கேட்டில் ஒட்டுவார்கள். பெண்டாட்டி அதைக் கேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது என்பது அவர் கட்சி.

என் மேசையிலிருந்து பிரபாவின் முதுகுதான் தெரிந்தது. லிம்மின் வாய் அசைந்து நின்றதைப் பார்த்து, கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். முதுகு குனிந்தது. பிறகு லிம் எழுந்து அவனைக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் நான் வெளியே வந்தபோது, கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் அவன் நின்றுகொண்டிருந்தான். நல்ல உயரம். பல நாள் தூங்காத முகம்.

"சார்." பிறகு, "மாமா."

"சொல்லு."

"அவங்க வீட்டுக்குத் தெரியாது, மாமா. எங்கப்பா, கல்யாணம் முடியட்டும் அப்புறம் பாத்துக்கலாம்ங்கறாரு. நான் சொல்லணுமா?"

"பேங்க் அத சொல்லாது, தம்பி."

"பேங்க நான் கேக்கல. உங்கள கேக்குறேன்."

இவ்வளவு நாளில் என்னிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். விசாரிக்க வந்த அத்தனை பேரும் அடுத்தவனைப் பற்றித்தான் கேட்டார்கள். இவன் தன்னைப் பற்றிக் கேட்டான். அந்த நொடியிலேயே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அது இன்னும் சிக்கல்.

"நிச்சயத்துல தட்டு மாத்தப் போறது நான்" என்றேன். "மலருக்குத் தெரியாம நான் தட்டப் பிடிக்க மாட்டேன். வரமாட்டேன். ஏன் வரலைன்னு யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவன் தலையை ஆட்டிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். நான் வராவிட்டால் ஊர் என்ன படிக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எல்லைக் கோட்டில் நின்றேனா, ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டதா? இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

நிச்சயத்துக்கு முதல் நாள் மலர் ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாதி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். என் மனைவி கோப்பி கலக்கப் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு, மாமா. அழுதாரு. நான் யோசிச்சுட்டேன். எனக்கு அவரத்தான் பிடிச்சிருக்கு. ரெண்டு பேரு சம்பளம் இருக்கு, கட்டிக்கலாம்."

"அக்காவுக்கு?"

"அம்மாகிட்ட சொன்னா கல்யாணம் நடக்காது. அப்புறமா நானே சொல்லிக்கிறேன். நீங்க வாய தொறக்கக்கூடாது. பேங்குக்காக மூடுறீங்கல்ல, எனக்காகவும் மூடுங்க."

நான் என்ன சொல்ல? அவள் வயது வந்தவள், கெட்டிக்காரி. கல்யாணம் அவளுடையது, கடனைச் சேர்ந்து கட்டப்போவதும் அவள்தான். போனேன். தட்டு மாற்றினேன். அக்கா புதுப் புடவையில் எல்லாரையும் கூப்பிட்டு, "இவன்தான் என் தம்பி, பேங்குல இருக்கான்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தில் மாமன் மாலையும் நான்தான் போட்டேன். மலர் குனிந்து மாலையை வாங்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலர் சொல்வதற்குள் கேட் சொல்லிவிட்டது. கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போன அக்கா, கேட்டில் ஒட்டியிருந்த ஏல அறிவிப்பைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. அங்கிருந்து நேராக வங்கிக்கு வந்தாள்.

சம்பள நாள், கூட்டம். அவள் வரிசையில் நின்றாள். அவள் என் அக்கா என்று பாதிப் பேருக்குத் தெரியும். முன்னால் போங்க என்று வழி விட்டார்கள். போகவில்லை. தன் முறை வந்ததும் கவுண்டரைத் தாண்டி என் மேசையைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"உள்ள வாக்கா."

"வரல. தெரியுமா, தெரியாதா? அந்த ரெண்டையும் சேத்துச் சொல்ற பதில் எனக்கு வேணாம்."

மலருக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கோபம் அவள் பக்கம் போயிருக்கும். புதிதாகக் கல்யாணமானவள், அதைத் தாங்க வேண்டும். சொல்லவில்லை. கோப்பைப் பற்றிச் சொல்லவே முடியாது. நின்றுகொண்டிருந்தேன்.

"உன்னைப் படிக்க வச்சப்ப, இவன் தேறுவானான்னு நான் யாருகிட்டயும் போயி விசாரிக்கலடா" என்றாள்.

லிம் தன் அறையிலிருந்து வந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்று, எல்லாரிடமும் சொல்வதுபோல் "மாரி, அக்கா" என்று வாங்க என்ற பொருளில் கூப்பிட்டு, கதவு வரைக்கும் நடந்தார். அவள் அவரைத் தடுக்கவில்லை. பலகாரத் தூக்கு அவள் கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் ஃபெர்ரியில் லிம் செய்தித்தாளை விரிக்கவில்லை. மடியில் மடித்தபடி வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் நாசி கண்டார் கடைக்குப் போனோம். என் தட்டுக்கும் அவரே காசு கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். "டியாம் லா" என்றார். சும்மா இரு என்று அர்த்தம். அத்தனை வருடத்தில் அவர் எனக்காகப் பணம் எடுத்தது அந்த ஒரு தடவைதான். அவர் இப்போது இல்லை. அவர் கையால் எனக்குக் கிடைத்த பதவி உயர்வைவிட அந்தச் சாப்பாடுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

வீடு ஏலத்தில் போனது. மலரும் பிரபாவும் பாகான் டாலாமில் ஒரு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். இரவு ஷிப்ட், ஓவர்டைம் என்று இரண்டு பேரும் மாடாய் உழைத்து மிச்சக் கடனை அடைத்தார்கள். பிரபா திவால் ஆகவில்லை. இப்போது சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். அக்கா அவர்களோடுதான் இருக்கிறாள். மருமகன்தான் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறான், அவளுக்கு மீன் வாங்கி வருகிறான். மலர் தனக்கும் முன்பே தெரியும் என்று கொஞ்ச நாளில் தாயிடம் சொல்லிவிட்டாள். அக்கா அவளை மன்னித்தாள். என்னை மன்னிக்கவில்லை. மலர் எனக்காகப் பேசப் போனபோது, "நீ மறைச்சது ஆசையில. அவனுக்கு என்ன?" என்று கேட்டாளாம்.

தீபாவளிக்குப் போவேன். கோப்பி வரும். அவளே கொண்டுவந்து வைப்பாள், என் பக்கம் பார்க்க மாட்டாள். என்னைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் "மலரோட மாமா" என்பாள். தம்பி என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. இத்தனை வருடமாக அது எனக்கு வலிக்கிறது. நான் செய்தது சரி என்று வாதாட இதை எழுதவில்லை, தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்தக் கோப்பில் ரத்தினத்துக்குப் பதிலாக யார் பெயர் இருந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பேன். என் அக்காவின் பெயர் இருந்து, ரத்தினம் வந்து கேட்டிருந்தாலும்.

போன மாதம் மலரின் மூத்த மகளுக்கு நிச்சயம். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. யாரோ ஓர் அம்மாள், அக்காவிடம் தன் மகளுக்கு வந்திருக்கிற ஒரு வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பம் எங்கள் கிளை இருக்கும் ஊர்தான். பெயரைச் சொன்னாள். எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

"மலரோட மாமா அங்கதானே வேலை செஞ்சாரு, அக்கா? இப்பதான் ரிட்டயர் ஆயிட்டாருல்ல. நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"யாரு, என் தம்பிகிட்டயா?" என்றாள் அக்கா. "நண்டு ஆக்கிப் போட்டு, நான் கேட்டே சொல்லல. கூடப் பொறந்தவளுக்கே வாயத் தொறக்காதவன், உனக்கா தொறக்கப் போறான்? வேற ஆளப் பாரு, போ."

தம்பி என்றாள். குழாயை மூட மறந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. குழாயடிதான், யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு வெளியே வந்து அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.